கீழப் புள்ளி

அபினா நான்காவது தடவையாக அந்தப் பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கியதும் ஷெர்லிக்கு வயிற்றைப் புரட்டியது. விடுதியில் காலையில் போட்ட உப்புமாவின் மேல் பழியைப் போடலாம் என்றால், அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அபினா ஒப்பிக்கிற அழகு அப்படி. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, ஒரு கையால் தலையைச் சொறிவாள். சொறிந்த நகத்தை முகர்ந்து பார்ப்பாள். பிறகு, "பி லெஸ் தேன் சீரோ, எக்ஸ் பிளஸ் ஒன் கமா ஒய் பிளஸ் ஒன்" என்று ராகம் போட்டு இழுப்பாள். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வாக்கியம் முடியும்.

"ஏட்டி, ஒரு நிமிசம் நிப்பாட்டு" என்றாள் ஷெர்லி. "நீ சொல்லுகதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"அர்த்தம் தெரிஞ்சா கூடுதலா மார்க் போடுவாவளா?" அபினா கண்ணைத் திறக்கவில்லை. "சும்மா இரிட்டி. ஓர்மை விட்டுப் போவும்."

இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம். வியாழக்கிழமை கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பல்கலைக்கழகப் பரீட்சை; அன்று செவ்வாய். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் காற்றாலைகள், நடுவில் அந்தப் பொறியியல் கல்லூரி. ஷெர்லியின் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். மூன்று வருடமாக ஐம்பத்தெட்டுப் பேரும் செய்தது ஒன்றே ஒன்றுதான்: விழுங்கி, பரீட்சைத் தாளில் கக்கி, வாயைத் துடைத்துக்கொண்டு போனார்கள். கோடு வரையும் முறையைக் கண்டுபிடித்த பிரசன்ஹாம் என்கிற மனிதர் அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு 'பிரசன்னம்'. சோழி உருட்டிக் குறி சொல்கிறவர் என்றே நினைத்திருப்பார்கள் போல. போங் என்பவர் பெயரில் இன்னொரு பாடம் உண்டு. அதைப் 'போங்கு' என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்த ஒரு பெயரையாவது பொருத்தமாக வைத்தார்களே என்று ஷெர்லி நினைத்துக்கொள்வாள்.

இத்தனை அருவருப்புக்கும் நடுவில் அவளுக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. வகுப்பில் ஓடிய நோட்டு அவளுடையது. கல்லூரி வாசலுக்கு எதிரே தங்கையன் கடையில் 'ஷெர்லி நோட்டு' என்று கேட்டால் போதும், ஜெராக்ஸ் எடுத்துத் தருவார். சொந்த ஊரான இனயம் கடற்கரைக் கிராமத்தில் அவளுடைய அப்பா சிலுவைதாசன், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகளின் பழைய நோட்டை எடுத்து நீட்டுவார். "அச்சடிச்ச மாதிரி இருக்குல்லா" என்பார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது.

அபினாவின் ராகத்திலிருந்து தப்பிக்கத்தான் ஷெர்லி ஒரு கிராப் தாளை எடுத்தாள். வெறுமனே சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு தடவை வரைந்து பார்ப்போம் என்று தோன்றியது.

விஷயம் பெரிய மந்திரமில்லை. கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். சரிவாக ஒரு கோடு வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டமாக வலப்பக்கம் நகர வேண்டும். ஒவ்வொரு நகர்விலும் ஒரு கேள்வி: அதே வரிசையில் போவதா, ஒரு வரிசை ஏறுவதா? பி என்று ஒரு எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் அது பதில் சொல்லிவிடும். பூச்சியத்தைவிடச் சிறிதாக இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் மற்றது. எக்ஸ் என்பது எத்தனையாவது கட்டம், ஒய் என்பது கீழேயிருந்து எத்தனையாவது வரிசை. அவ்வளவுதான்.

எட்டுக் கட்டம் தள்ளி, மூன்று வரிசை ஏறி நிற்கும் ஒரு புள்ளிக்குக் கோடு போட்டாள். நோட்டில் இருந்தபடி ஒவ்வொரு கட்டமாகக் கறுப்படித்துக்கொண்டே போனாள். எட்டாவது கட்டம் வந்தபோது கோடு ஐந்து வரிசை ஏறியிருந்தது. போய்ச் சேர வேண்டிய புள்ளி இரண்டு கட்டம் கீழே அநாதையாகக் கிடந்தது.

கணக்கில் பிசகு என்று நினைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் ஐந்து. வேறு புள்ளிகளை வைத்துப் போட்டாள். அந்தக் கோடும் ஊர் போய்ச் சேரவில்லை. நூலகத்திலிருந்து எடுத்து வந்து இதுவரை பிரிக்காமல் வைத்திருந்த தடிப் புத்தகத்தைப் பிரித்தாள். அதில் பி சிறிதாக இருந்தால் ஒய் அப்படியே இருந்தது. அவளுடைய நோட்டில் பி சிறிதாக இருந்தால் ஒய் பிளஸ் ஒன். நேர் எதிர். நீல மையில், கோடு கிழித்தாற்போல, அவளுடைய கையெழுத்தில்.

எப்படி இது வந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. பாடம் எடுத்தவர் தாணுமாலயன் சார். இரண்டு வருடம் முன்பு இதே கல்லூரியில் படித்து முடித்தவர், இப்போது விரிவுரையாளர். இங்கிலீஷில் ஆரம்பித்து நாலு வாக்கியத்தில் தமிழுக்குத் தாவிவிடுவார். அன்று, "பி பூச்சியத்துக்குக் கீழ இருந்தா கீழப் புள்ளி, மேல இருந்தா மேலப் புள்ளி, எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஏறும் புள்ளி மேலப் புள்ளி, ஏறாத புள்ளி கீழப் புள்ளி. அதை இங்கிலீஷில் ஆக்கியவள் ஷெர்லி. வகுப்பில் லேப் வேலையை ஒழுங்காகச் செய்தவள் அவள் ஒருத்திதான்; மற்றவர்கள் ரெக்கார்டைப் பார்த்து எழுதிய கூட்டம். லேபில் கம்ப்யூட்டர் திரையின் வரிசைகளை மேலிருந்துதான் எண்ண வேண்டும். கீழே போகப் போக எண் கூடும். அதனால் 'கீழ' என்றதும் அவள் கை தயங்காமல் ஒய் பிளஸ் ஒன் என்று எழுதியது. மக்காக இருந்திருந்தால் பக்கத்தில் கேட்டிருப்பாள். கெட்டிக்காரியாக இருந்ததால் கேட்கவில்லை.

அதை நினைத்த பிறகுதான் முருகதாஸ் ஞாபகத்துக்கு வந்தான்.

மாடல் எக்ஸாமில் இதே கேள்வி பதினாறு மார்க்குக்கு வந்தது. ஐம்பத்தேழு பேர் ஷெர்லி நோட்டை எழுதினார்கள். கடைசி பெஞ்ச் முருகதாஸ் மட்டும் மாற்றி எழுதினான். தாணுமாலயன் சார் அவன் தாளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "ஷெர்லி நோட்டைப் பாத்தாவது எழுதத் தெரியாதாடே உனக்கு?" என்றார். "வரைஞ்சு பாத்தேன் சார், இதுதான் வருது" என்று அவன் எழுந்து நின்று சொன்னான். "வரைஞ்சு பாத்தியா? நீ என்ன டிராயிங் மாஸ்டரா?" வகுப்பே சிரித்தது. ஷெர்லியும் சிரித்தாள். கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள், நோட்டு அவளுடையது அல்லவா. பதினாறுக்குப் பூச்சியம். அந்த மார்க் போனதில் இருபதுக்கு எட்டுதான் அவனுக்கு இன்டர்னல். இனி பல்கலைக்கழகத் தாளில் ஒரு பதினாறு மார்க் கேள்வி போனாலும் அவன் தோற்பான் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

தன் கையெழுத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

"அபினா, கேளு. நோட்டுல தப்பு இருக்கு. நீ சொல்லுகது தலைகீழு."

அபினா இப்போது கண்ணைத் திறந்தாள். கிராப் தாளைப் பார்க்கவில்லை. ஷெர்லியின் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா? மூணு நாளாட்டு இத முட்டி முட்டி மண்டைல ஏத்தி வச்சிருக்கேன். இப்பம் வந்து தலைகீழுங்க."

"நாலு கட்டம் வரைஞ்சு பாரு, உனக்கே தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாண்டாம். எல்லாரும் இததான் எழுதப் போறாவ. எல்லாரும் எழுதினா அதுதான் சரி. சவத்த விடு." மறுபடி கண்ணை மூடிக்கொண்டு ஆடத் தொடங்கினாள்.

ஷெர்லி தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த அறையில் இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் அவளை அறைந்திருப்பாள்.

தங்கையன் கடையில் யாருமில்லை. அவள் நோட்டின் முதல் பிரதி பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. வேதப்புத்தகத்தைக்கூட அந்த மனிதர் அப்படி வைத்திருக்க மாட்டார். "அண்ணே, இதுல ஒரு பக்கம் திருத்தணும். இனி எடுக்கவங்களுக்குத் திருத்தினதைக் குடுங்க" என்றாள்.

"திருத்துகியா? என்னத்துக்கு மக்கா, நல்லாத்தான இருக்கு? இத மாதிரி எழுத்து தெளிஞ்ச நோட்டு நான் கண்டதில்ல" என்றார் தங்கையன். "உங்க காலேஜ் பிள்ளைய எல்லாம் எடுத்தாச்சு. மத்த ரெண்டு காலேஜ்காரனும் வந்து கொண்டு போனான். இனி யாரு இருக்கா எடுக்க?"

அவள் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துத் திருத்தினாள். அவ்வளவு சுத்தமான பக்கத்தில் அடித்துவிட்டாளே என்று தங்கையனுக்கு வருத்தம். "சே, நல்ல அழகா இருந்த பக்கம்" என்றார். தப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று கல்லூரி!

தாணுமாலயன் சார் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். வாயில் பாதி, கையில் பாதி. "என்ன ஷெர்லி, டவுட்டா? உனக்கே டவுட்டா?" என்று சிரித்தார்.

"சார், நோட்டுல தப்பு இருக்கு. என் தப்புதான். நீங்க கீழப் புள்ளின்னு சொன்னத நான் மாத்தி எழுதிட்டேன்" என்று கிராப் தாளை மேசைமேல் விரித்தாள்.

அவர் ஒரு பார்வை பார்த்தார். "ஆமா" என்றார். எண்ணெய் விரலைத் தாளின் ஓரத்திலேயே துடைத்தார். "அது வராது. போன தடவை கேட்டுட்டான். நீ பெசியர் வளைவு படி."

"வந்தா சார்?"

"வந்தா சாய்ஸ் இருக்குல்லா, வேறத எழுதுங்க."

"எல்லாருக்கும் சொல்லிரலாம் சார். நோட்டீஸ் போர்டுல ஒரு பேப்பர் ஒட்டினா போதும். மொதல்ல முருகதாஸ்ட்ட..."

"முருகதாஸ்ட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்."

அந்தப் பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. ஷெர்லி அவரைப் பார்த்தாள். அவர் பழம்பொரியைப் பார்த்தார். முதல் தடவை பார்க்கிறவன் அந்தத் தாளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருப்பான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சாருக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் வாயிலிருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார். "மாடல் பேப்பர் குடுத்த அன்னைக்குச் சாயங்காலம் போட்டுப் பாத்தேன்" என்றார். "அவன் எழுதினது சரிதான்."

"அப்பம் ஏன் சார் மார்க் போடல?"

"அவனுக்குப் போட்டா மத்த அம்பத்தேழு பேருக்கும் குறைக்கணும். உனக்கும் சேத்துத்தான், கேட்டியா? ஹெச்ஓடி என்னைக் கூப்பிட்டு, பாடம் நடத்துனியா பூப்பறிச்சியான்னு கேப்பாரு. எனக்கு இது ரெண்டாவது வருசம். இன்டர்னல் எல்லாம் அனுப்பியாச்சு. உனக்கு இருவதுக்குப் பத்தொம்பது. அதுல குறை வேணுமா உனக்கு?"

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. தாணுமாலயன் சார் அதைக் கண்டுகொண்டு சின்னதாகப் புன்னகை செய்தார். நீயும் நானும் ஒரே ஆள்தான் என்கிற புன்னகை. பல்லிடுக்கில் மஞ்சளாகப் பழம் ஒட்டியிருந்தது. இந்த வாயிலிருந்து வந்ததையா மூன்று வருடம் குனிந்து குனிந்து எழுதினோம் என்று அவளுக்கு அவர் மேலும் தன் மேலும் ஒன்றுபோல வெறுப்பு வந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு தாளை எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்தாள்.

முருகதாஸுக்கு வீடு ஆரல்வாய்மொழியிலேயே. வீட்டில் ஆட்கள் அதிகம் என்று படிக்கக் கல்லூரிக்கு வந்துவிடுவான். சைக்கிள் கொட்டகையில் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தான். மடியில் ஜெராக்ஸ். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததாக இருக்க வேண்டும், ஓரமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. ஆனால் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. அவளுடைய எழுத்து.

"என்ன ஷெர்லி, இஞ்ச?" என்றான் அவன்.

"நீ மாடல்ல எழுதினதுதான் சரி. என் நோட்டுதான் தப்பு." சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்பம் நானும் சிரிச்சேன். அதுவும் தப்பு."

அவன் கிராப் தாளை வாங்கினான். அவள் கறுப்படித்து வைத்திருந்த கட்டங்களை விட்டுவிட்டு, வெறும் கட்டங்களின் மேல் விரலை ஓட்டினான். "ரெண்டாவதுல ஒருக்க, நாலாவதுல ஒருக்க, ஏழாவதுல ஒருக்க. மூணு இடத்துலதான் ஏறும். எட்டாவதுல போய் சரியா நிக்கும்." பேனாவைத் தொடாமலே சொன்னான். சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் வந்தது. மூன்று வருடத்தில் அந்தக் கல்லூரியில் பாடத்தைச் சொல்லும்போது சந்தோஷப்பட்ட முகத்தை அவள் பார்த்தது அன்றுதான். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டான். "எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா இதப் படிக்கே?"

"பாஸாவணும்லா."

"தப்பா எழுதினா எப்பிடிப் பாஸாவே? திருத்துகது நம்ம சார் இல்ல, வேற காலேஜ் ஆளு."

"நம்ம சாரும் அங்க போய்த் திருத்தினா வேற காலேஜ் ஆளுதான?" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டவன் போலச் சொன்னான். "உன் நோட்டு மூணு காலேஜுக்குப் போயிருக்குன்னு தங்கையன் அண்ணன் சொன்னாரு. அவ்வளவு பேரும் ஒண்ணு போல எழுதி வைப்பான். நான் ஒருத்தன் மாத்தி எழுதினா யாரு தப்பு? சரியா எழுதி ஒருக்க பாத்தாச்சு ஷெர்லி. மார்க்கும் போச்சு, மானமும் போச்சு."

"முருகதாஸ், நான் சொல்லுகதக் கேளு. நீ இத எழுதிக் கேள்வி போச்சுன்னா அரியர்தான். புத்தகத்துல சரியாத்தான் போட்டிருக்கு. திருத்துகவங்களுக்கு விடைக் குறிப்பு ஒண்ணு குடுப்பாவ. அதுலயும் சரியாத்தான் இருக்கும்."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், புருவம் சுருங்கியது. இளகுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் ஒன்று சொன்னால் முழுக்க வழிக்கு வந்துவிடுவான், ஆத்திரம் வந்தாலாவது வருவான் என்று நினைத்து அவள் அதைச் சொன்னாள்.

"சாருக்கும் தெரியும், நீ எழுதினது சரின்னு. மாடல் பேப்பர் குடுத்த அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். மத்தவங்களுக்குக் குறைக்கணுமேன்னு உனக்குப் போடல."

அவன் கெட்ட வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தாள். எழுந்து ஆசிரியர் அறைக்குப் போவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் மிச்சமிருந்த அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

"தெரிஞ்சே போடலயா" என்றான். பிறகு தலையை ஆட்டினான். "நான் இவ்வளவு நாளும் அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரியாதவன்னா அடுத்தவன் தெரிஞ்சவனா இருப்பான்னு ஒரு இது இருந்து. தெரிஞ்சும் போடலன்னா, சரிங்கிறதுக்கு மார்க்கே கெடையாதுன்னுதான அர்த்தம்?"

பத்தொன்பது மார்க்கோடு நின்றுகொண்டு அப்படி இல்லை என்று எப்படிச் சொல்ல?

"வந்தது வந்த, ஒரு உபகாரம் செய்யியா?" முருகதாஸ் ஜெராக்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "பாக்காம எழுதுகேன். தப்பிருந்தா சொல்லு."

கிராப் தாளைத் திருப்பி, எண்ணெய்க் கறை படாத இடமாகப் பார்த்து எழுத ஆரம்பித்தான். ஒவ்வொரு வரியாக மளமளவென்று போனது. பி பூச்சியத்தைவிடச் சிறிதானால் என்ற இடத்துக்கு வந்ததும் அவன் கை தானாக எக்ஸ் பிளஸ் ஒன், ஒய் என்று எழுதி நின்றது.

அவனே பார்த்துவிட்டான். நாக்கைக் கடித்துக்கொண்டு தன் மண்டையில் ஒரு குட்டு வைத்தான். "சே. பழசே வருது" என்றான். ஒய்யின் பக்கத்தில் பிளஸ் ஒன் என்று அழுத்தி எழுதினான். அது போதாதென்று, கீழே அந்த வரியை மட்டும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் பத்துத் தடவை எழுதினான்.

பிறகு பேனாவை அவளிடம் நீட்டினான். "நோட்டுல உள்ள மாதிரி இருக்கா, பாரு. சரியா இருந்தா ஒரு டிக் போடு."

ஷெர்லி வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.